நாலு நானோவோல்ட்

...மூக்கு நுனியில்தான் அரிக்க வேண்டுமா, இதற்கு வேறு இடமே கிடைக்கவில்லையா, கையைத் தூக்கக் கூடாது, தூக்கினால் ஸ்டூல் அசையும், ஸ்டூல் அசைந்தால் தரை வழியாக அந்த வயர் ஒரு மயிரிழை அசையும், வயர் அசைந்தால் அந்த அசைவே மின்சாரமாகிப் பதிவில் போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் நாற்பது நிமிடமும் வீண், முதலிலிருந்து ஆரம்பிக்கலாமா மேடம் என்று வெளியில் பதிவைப் பார்த்துக்கொள்கிற டெக்னீஷியன், எங்களுக்கெல்லாம் அவர் ஈயம், பெருமூச்சு விடுவார்... எத்தனை நிமிடம் போயிருக்கும், பத்தா, பன்னிரண்டா, கடிகாரத்தைக் கழற்றி வெளியே பிஸ்கட் டப்பாவில் போட்டாயிற்று, போனும் அதிலேதான், சாவிக்கொத்து, கொண்டை ஊசி, சேஃப்டி பின் எல்லாம் அதிலேதான், உங்க அம்மா தினமும் ஜெயிலுக்குப் போற மாதிரி எல்லாத்தையும் கழட்டிக் குடுத்துட்டுதான் உள்ள போவா என்று வீட்டுக்காரர் மகளிடம் சொல்லிச் சிரிப்பார், சிரிக்கட்டும், இந்த அறையில் ஓர் இரும்பு ஊசிகூட இருக்கக் கூடாது என்று பதினெட்டு வருடமாகப் பார்த்துக்கொள்கிறவள் நான், ஸ்டூல்கூட ஆணி இல்லாமல் பசை போட்டு ஒட்டியது. நாலு சுவரும், கூரையும், கதவும் செம்புத் தகடு. கதவை வெளியிலிருந்து சாத்தினால் ஒரு ஓரம் இறுகாது, உள்ளிருந்து தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் இறுகும், அதனால் அளவு முடிந்து ஈயம் வெளியிலிருந்து கதவில் இரண்டு தட்டு தட்டுகிற வரை ஒருவர் உள்ளே சிலையாக உட்கார்ந்துதான் ஆக வேண்டும், அந்த ஒருவர் எப்போதும் நான்தான். வேறு யாரால் நாற்பது நிமிடம் அசையாமல் இருக்க முடியும் இந்தக் கட்டடத்தில்? இயக்குநரால் நாலு நிமிடம் முடியாது. ஈயம் மூன்றாவது நிமிடம் தும்முவார்.

எதிரே மேசைமேல் அந்த மூன்றடுக்கு டப்பா. வெளிக் காந்தம் எதையும் உள்ளே விடாத உலோகம், ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று. அதற்குள்ளே வளையம், ஒரு நாணயம் அளவுதான், மெல்லிய உலோக நாடாவைச் சுற்றிச் செய்து, அதன்மேல் செம்புக் கம்பி சுற்றியது. நிலத்துக்கு அடியில் ஓடும் மிகச் சின்னக் காந்த மாற்றங்களைக் கண்டுபிடிக்கும் கருவிகளுக்கு இந்த மாதிரி வளையம்தான் காது. காதே சத்தம் போட்டால் என்ன கேட்கும்? போடத்தான் செய்கிறது, சும்மா வைத்திருந்தாலும் உள்ளே இருக்கும் லட்சக்கணக்கான குட்டிக் காந்தங்கள் கொஞ்சம் புரண்டுகொண்டே இருக்கும், ஒவ்வொரு புரளலும் கம்பியில் ஒரு துளி மின்சாரம், எல்லாம் சேர்ந்து ஓர் இரைச்சல். ஒரு வோல்ட்டை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு நானோவோல்ட், எங்கள் புழக்கம் எல்லாம் அந்தக் கணக்கில். கனெக்டரைச் செருகும்போது என் விரல் சூடு செம்பில் ஏறிவிடும், அந்தச் சூடு மட்டுமே ஆயிரம் நானோவோல்ட் காட்டும், அது இறங்குகிற வரை இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் நம்ப மாட்டார்கள், தொட்டா சூடு, அவ்வளவுதானே மேடம் என்பார்கள், உங்க ஒரு விரல் சூட்டுக்குள்ள நான் அளக்கப்போறது இருநூத்தம்பது தடவ அடங்கும் என்று சொன்னால் தங்கள் விரலையே புதிதாகப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கும். சொன்னால் என்ன, பெருமைதான், பெருமைப்படுகிற மாதிரி செய்தவள் பெருமைப்பட்டால் யாருக்கு என்ன நஷ்டம்.

அப்படிப்பட்டவளுக்குக் கடிதம் எழுதுகிறார்கள். இதே வளையம் நாலு வருடத்துக்கு முன்னால் இந்த மேசையிலிருந்துதான் புறப்பட்டது, ஆறு ஆய்வகங்கள், ஆறு ஊர்கள், ஒரே வளையத்தை ஒவ்வொருவராக அளந்து எண்ணை மூடிய உறையில் ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்ப வேண்டும், எல்லோர் எண்ணும் ஒத்துப்போனால் எல்லோருக்கும் மரியாதை. முதலில் அளந்தது நான், வளையத்தை அனுப்பிவைக்கும் ஆய்வகம் என்பதால் என் எண் மட்டும் அப்போதே அறிக்கையாக வெளிவந்தது. நாலு. நாலு நானோவோல்ட். இவ்வளவு அமைதியான வளையத்தை யாரும் அதற்குமுன் அளந்ததில்லை, கருத்தரங்குக்குக் கூப்பிட்டார்கள், சான்றிதழைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள், அன்றிலிருந்து இந்தக் கட்டடத்தில் எனக்குப் பெயரே நாலு மேடம்தான், கேன்டீன்காரர்கூட ஒரு டீயா, நாலு டீயா என்பார். இப்போது ஊர் சுற்றிவிட்டு வளையம் திரும்பி வந்திருக்கிறது, கூடவே உறைகளைப் பிரித்துப் பார்த்த கடிதமும் வந்திருக்கிறது, மற்ற ஐந்து பேருக்கும் ஆறு புள்ளி எட்டு, ஏழு புள்ளி ஒன்று, ஏழு, ஆறு புள்ளி ஒன்பது, ஏழு புள்ளி இரண்டு. உங்கள் முடிவு மற்றவற்றோடு பொருந்தவில்லை, மாதக் கடைசிக்குள் மறுபடி அளந்து விளக்கம் தரவும், இல்லையேல் திரும்பப் பெற்றுக்கொள்ளவும். திரும்பப் பெற்றுக்கொள்ளவாம். இயக்குநர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் எல்லாம் கொடுத்து, வாபஸ் வாங்கிக்கலாமேம்மா, கௌரவமா ஒதுங்கிக்கலாம், யாருக்கும் தெரியாது என்றார். யாருக்கும் தெரியாதாம், வரவேற்பறைச் சுவரில் சட்டம் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு சதுரம் தெரியுமே, அதை என்ன செய்வார், காலண்டர் மாட்டுவாரா. அஞ்சு பேர் ஒண்ணு சொன்னா அது சரின்னு ஆகிடுமா சார் என்று கேட்டேன். பொதுவா ஆகும்மா என்றார்.

பொதுவாக. நான் பொதுவா? பதிவில் வந்த ஒரு துடிப்பை மூன்று மாதம் துரத்தியிருக்கிறேன், பத்தே முக்காலுக்கு வரும், ஒன்றேகாலுக்கு வரும், நாலு மணிக்கு வரும், கடைசியில் பார்த்தால் அது கணக்குப் பிரிவு ஆள் லிஃப்டில் டீ குடிக்க இறங்குவது, லிஃப்டின் எதிரெடை இரும்பு எங்கள் சுவருக்குப் பின்னால் போய்வந்திருக்கிறது, அவர் எத்தனை தடவை டீ குடிக்கிறார் என்று அவர் மனைவிக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஒருநாள் பதிவு பூராவும் கோணலாக இருந்தது, யாரைக் கேட்டாலும் தெரியாது, கடைசியில் தரை துடைக்கிற அம்மாவின் புது மூக்குக்கண்ணாடிக் கூட்டில் காந்தப் பூட்டு, பக்கத்து அறை அலமாரியில் வைத்திருந்தார்கள். அதையும் பிடித்தேன். இந்தத் துளி மின்சாரத்தைப் பெருக்கிக் காட்டும் ஆம்ப்ளிஃபயர் தப்பாக இருக்கும் என்று ஐந்து பேரும் சொல்வார்கள், சொல்லட்டும், இன்று காலை முதல் வேலையாக அதைத்தானே பார்த்தேன், ஆயிரம் ஓம் மின்தடை ஒன்றை மாட்டினால் அதன் சொந்தச் சூட்டினாலேயே நாலு சொச்சம் நானோவோல்ட் இரைச்சல் வந்தாக வேண்டும், அது யார் செய்த மின்தடையானாலும் எந்த ஊரானாலும் மாறாத கணக்கு, மாட்டினேன், நாலு புள்ளி ஒன்று, ஈயத்தைத் திரும்பிப் பார்த்தேன், அவர் தன் பிள்ளை முதல் மார்க் வாங்கியது போல உட்கார்ந்திருந்தார். இந்த ஆம்ப்ளிஃபயர் அவர் கையால் பற்றவைத்தது, ஒவ்வொரு பற்றும் ஒரே அளவு, பளபளவென்று, அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். என் ஆம்ப்ல குறை சொன்னா நான் சாப்பிட மாட்டேன் மேடம் என்றார். நான் சொல்லலையே ஈயம் என்றேன். சொல்லவில்லை. கருவி சரி. அறை சரி. நான் சரி. அப்படியானால் ஐந்து பேரும் ஏன்...

மூக்கு அரிப்பு நின்றுவிட்டது. அது அப்படித்தான், கவனிக்காமல் விட்டால் தானே போய்விடும். காலையில் மகளை, எங்கள் குட்டியை, அப்படி விட்டிருக்கலாம், விடவில்லை, பள்ளிக்கூடத்தில் கொடுத்த படிவத்தில் கையெழுத்து வாங்க மறந்துவிட்டாளாம், இன்றுதான் கடைசி நாளாம், பல்லில் பிரஷை வைத்துக்கொண்டு நீட்டுகிறாள், பதினாலு வயது, எதையாவது தொலைக்காத, மறக்காத நாள் உண்டா, நான் ஆரம்பித்துவிட்டேன், எப்படிடி மறக்கும், எழுதி வெச்சுக்க மாட்டியா, நான் எப்பவாவது எதையாவது மறந்து நீ பாத்திருக்கியா என்று. வீட்டுக்காரர் காரியமே கண்ணாகத் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர், ஊரில் பாதிப் பேருக்குப் பிரேக் போடச் சொல்லிக்கொடுத்தவர், நான் பேச ஆரம்பித்தால் மட்டும் ஓரமாக வண்டியை நிறுத்திவிடுவார். குட்டி வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து நிதானமாகச் சொன்னாள், நீ மறந்தது உனக்கு எப்படிம்மா தெரியும், மறந்துட்டா மறந்துட்டதும் சேர்ந்துதானே மறந்துரும். இவர் புரையேறிச் சிரித்தார். நானும் சிரித்திருக்கலாம். கையெழுத்தைப் போட்டுக் கையில் திணித்துவிட்டு வந்துவிட்டேன். வாய் யாருடையது, என்னுடையதுதான், கோபம் வந்தாலும் உள்ளுக்குள் ஒரு பூரிப்பு இருந்தது, என்ன நேராக யோசிக்கிறது பார், ஆதாரம் இல்லாததை ஆதாரமாகக் காட்டாதே என்று ஐந்து வார்த்தையில் சொல்லிவிட்டது. மறந்துட்டா மறந்துட்டதும் சேர்ந்துதானே... பஸ்ஸில் வரும்போதும் அதுவே ஓடிக்கொண்டிருந்தது, இப்போதும் ஓடுகிறது.

சரி, வேறு வேலை என்ன, அசையாமல் உட்கார்ந்திருக்கிறவளுக்கு யோசிப்பதுதானே வேலை, சோதித்துப் பார்த்துவிடலாம், நாலு வருடத்துக்கு முன்னால் இதே வளையத்தை அளந்த நாளில் என்னென்ன செய்தேன், ஒன்றுவிடாமல். வளையத்தை டப்பாவுக்குள் இறக்கினேன். கனெக்டர். அப்புறம் துடைத்தேன். துடைப்பது என்றால் துணியால் அல்ல, கம்பியில் பெரிய மாறுமின்னோட்டத்தைக் கொடுத்து மெல்ல மெல்லக் குறைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது, வளையத்துக்குள் மிச்சமிருக்கும் பழைய காந்த ஞாபகமெல்லாம் அதோடு அழிந்துவிடும், சிலேட்டைத் துடைத்துவிட்டு எழுதுகிற மாதிரி. துடைத்த ஒரு மணி நேரத்துக்குள் அளக்க வேண்டும். இந்த விதி செயல்முறைக் குறிப்பில் ஆறாவது பத்தி, ஆறு ஆய்வகத்துக்கும் பொது, அதை எழுதியது யார், நான்தான். இன்று மத்தியானம் ஒன்றரைக்குத் துடைத்தேன், உறுமல் வந்தது, துடைக்கும்போது மின்மாற்றி உறுமும், சிறுகச் சிறுக இறங்கி, மின்விசிறி ஓய்வது போல ஓய்ந்து, கடைசியில் காதே சந்தேகப்படுகிற மாதிரி ஒரு நிசப்தம். அந்த நிசப்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அன்றைக்கும் அப்படித்தான் உறுமி ஓய்ந்தது, நல்ல ஞாபகம், ஓய்ந்ததும் டப்பா மூடியைப் போட்டேன், பதிவேட்டில் 'துடைத்தாயிற்று' கட்டத்தில் டிக் போட்டேன், ஸ்டூலை இழுத்து உட்காரப் போனேன், அப்போது... கதவைத் தட்டுகிற சத்தம். ஆமாம், ஈயம் தட்டினார். அளவு நேரத்தில் தட்டவே மாட்டார், அன்றைக்குத் தட்டினார். மேடம், உங்க பொண்ணு ஸ்கூல்ல இருந்து போன்.

குட்டிக்குக் காய்ச்சல், பத்து வயது அப்போது, வகுப்பில் மயங்கி விழுந்துவிட்டாள், அறைக்குள் போடும் துணிச் செருப்போடு ஓடியிருக்கிறேன், ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் நிற்கும்போதுதான் காலைப் பார்த்தேன். ரத்த அணு இறங்குகிறது, இறங்குகிறது என்று ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு எண் கொண்டுவந்து கொடுப்பார்கள், வாழ்க்கை பூராவும் எண்ணைப் பார்த்தவள், அந்தச் சீட்டைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை, நீங்க பாருங்க என்று இவரிடம் கொடுத்துவிடுவேன். அங்கேயும் சும்மா இருந்தேனா, தெர்மாமீட்டரில் சண்டை, இந்த வார்டுல மூணு தெர்மாமீட்டர் இருக்கு சிஸ்டர், மூணும் மூணு விதமா காட்டுது, எந்த ஒண்ணால எடுத்தீங்கன்னு எழுதுங்க என்று, அந்த நர்ஸம்மா கோபிக்கவே இல்லை, தன் சட்டைப் பையிலிருந்து ஒரு பச்சைப் பேனாவை எடுத்துக் கொடுத்து, நீங்களே எழுதுங்கம்மா, உங்களுக்கும் பொழுது போகும் என்றார். எழுதினேன், அரை மணிக்கு ஒருமுறை, பச்சை மையில், பக்கம் பக்கமாக. அந்தப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தேனா? ...இல்லை. கொடுக்கவில்லை. கைப்பையிலேயே வந்துவிட்டது, அப்புறம் எங்கே போனது தெரியவில்லை. அட. ஒன்றைப் பிடித்தாயிற்று குட்டி, மறந்திருக்கிறேன். சரி, ஒரு பேனா. பேனா வேறு, வேலை வேறு.

வேலை. குட்டி பிழைத்து, வீட்டுக்கு வந்து, இட்லியும் ரசமும் வேண்டாம் என்று அடம் பிடிக்கிற அளவுக்குத் தேறியதும் வேலைக்குத் திரும்பினேன், அன்று காலை இந்த அறைக்குள் வந்தபோது எப்படி இருந்தது, எவ்வளவு லேசாக, பிள்ளை பிழைத்துவிட்டாள், இனிமேல் எதை வேண்டுமானாலும் அளக்கலாம் என்பது போல... டப்பா அப்படியே இருந்தது, மூடிமேல் மெல்லிசாகத் தூசி, விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டுத் துணியால் துடைத்தேன். விரல் பட்ட சூடு இறங்க இருபது நிமிடம் காத்திருந்தேன். கதவை இறுக்கினேன். உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம். இரண்டு தட்டு. நாலு. ஈயம் ஓடிவந்து, மேடம் நாலு என்று சொல்லும்போது அவர் கண்ணாடி பனி பூத்திருந்தது... அதெல்லாம் இருக்கட்டும், உறுமல் எங்கே? தூசியைத் துடைத்ததற்கும் கதவை இறுக்கியதற்கும் நடுவில் உறுமல் வர வேண்டும். தேடிப் பார்க்கிறேன், அந்தக் காலையை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்கிறேன், உறுமல் இல்லை. பதிவேட்டில் ஏற்கெனவே டிக் இருந்தது. டிக் இருந்தால் செய்தாயிற்று என்று அர்த்தம். போட்டவள் நானே, நான் போட்ட டிக்கை நானே நம்பியிருக்கிறேன், என்னை நம்பாமல் வேறு யாரை நம்புவேன்.

அசையாதே. இப்போது மட்டும் அசையாதே, உள்ளே இதயம் இப்படி அடித்தால் அது ஸ்டூலுக்குப் போகுமா, போகாது, போனாலும் போகட்டும்... அப்படியானால் அந்த வளையம் துடைத்தபின் எத்தனையோ நாள் சும்மா கிடந்திருக்கிறது, இருட்டில், யாரும் தொடாமல். துடைத்தவுடன் அந்தக் குட்டிக் காந்தங்கள் எல்லாம் பஸ்ஸில் புதிதாக ஏறிய கூட்டம் மாதிரி இடம் தேடி இடித்துக்கொண்டிருக்கும், போகப் போக ஆளுக்கொரு சீட்டுப் பிடித்து அடங்கும், இது புத்தகத்திலேயே இருக்கிறது, கொஞ்சம் அடங்கும் என்றுதான் இருக்கிறது, ஏழு நாலாகிற அளவுக்கு அடங்கும் என்று எவரும் எழுதியதில்லை, ஏன் எழுதவில்லை, எவரும் காத்திருந்து பார்க்கவில்லை, ஏன் காத்திருக்கவில்லை, ஒரு மணி நேரத்துக்குள் அளந்துவிட வேண்டும் என்று ஆறாவது பத்தியில் ஒருத்தி எழுதிவைத்திருக்கிறாள். ஐந்து பேரும் ஒழுங்காக நான் சொன்னபடி செய்து ஏழு வாங்கியிருக்கிறார்கள். நான் சொன்னதை நான் மட்டும் செய்யவில்லை. சிரிப்பு வருகிறது, பல்லைக் கடித்துக்கொள்கிறேன், என்ன கூத்து இது, ஆனால் என்ன அழகான கூத்து, ஐந்து ஆய்வகம், எத்தனை படித்தவர்கள், ஒருவருக்கும் தோன்றவில்லை, ஓர் ஆணி இல்லாத ஸ்டூலில் மூக்கைச் சொறியாமல் உட்கார்ந்தபடி நான் கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்தேனா? ஊகம்தான் இன்னும். அப்படியானால் இன்று துடைத்து ஒரு மணி நேரத்துக்குள் அளக்கிறேனே, இன்றைக்கு எனக்கும் ஏழு வர வேண்டும். ஏழு வந்தால் என் ஊகம் சரி, நான் போச்சு. நாலு வந்தால் நான் சரி, ஊகம் போச்சு.

இரண்டு தட்டு. கதவைத் திறந்தேன், ஈயம் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், எண்ணைச் சொல்லவில்லை, ஆம்ப்ல ஒண்ணும் தப்பில்ல மேடம் என்று மட்டும் சொன்னார். ஏழா என்றேன். ஏழு என்றார், துக்கம் விசாரிக்க வந்தவர் குரலில். ஏழு புள்ளி பூஜ்யம். நல்லது என்று நான் சொன்னதை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ தெரியாது, நாலு வருடத்துக்கு முந்தைய பதிவேடு எங்கே ஈயம் என்று கேட்டேன், அலமாரியில் மூன்றாவது தட்டு, நானே போய் எடுத்தேன், அறிக்கையோடு போனது இந்தப் பக்கத்தின் நகல், கறுப்பு வெள்ளை நகல், அதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள், நானும் அதற்கப்புறம் அதைத்தான் பார்த்தேன். அசலைத் திறந்தேன். 'துடைத்தாயிற்று', டிக், நீல மை. அதே வரியில், ஒரு விரல்கடை தள்ளி, 'நான்கு புள்ளி பூஜ்யம்', என் கையெழுத்து, தேதி. பச்சை மை.

பிஸ்கட் டப்பாவிலிருந்து போனை எடுத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன், இரு, ஒரு டாக்டரம்மா ரிவர்ஸ் எடுத்துட்டு இருக்காங்க, மெதுவா, மெதுவா, கண்ணாடியப் பாருங்க, என்னைப் பாக்காதீங்க, ம் சொல்லு என்றார். குட்டி ஆஸ்பத்திரில எத்தன நாள் இருந்தா? அந்தப் பக்கம் சட்டென்று வண்டி நின்ற சத்தம், அவர்தான் பிரேக்கை மிதித்திருக்க வேண்டும். ஏன், இப்ப என்ன ஆச்சு குட்டிக்கு? ஒண்ணும் ஆகல, கணக்குக்குக் கேக்கறேன். ஆஸ்பத்திரில ஏழு, வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் நீ லீவு, ஒம்பது, ஒம்பது நாள் நீ அவ கட்டில விட்டு நகரல, மறக்குமா எனக்கு என்றார், அப்புறம், நீ அந்த ஒம்பது நாளும் ஆபீஸப் பத்தி ஒரு வார்த்த பேசல, எனக்கே பயமா போச்சு என்றார். சரி வெச்சுடறேன் என்றேன். ஒன்பது நாள். நான் செய்ததிலேயே பெரிய வேலை என்று சட்டம் போட்டு மாட்டிய வேலை, நான் இந்த அறையில் இல்லாத ஒன்பது நாளில் நடந்திருக்கிறது.

ஈயத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன், உட்கார்ந்து கேட்டார், இரண்டு மையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மேடம், இதுல உங்க பேரக் கெடுத்துக்க ஒண்ணுமே இல்ல, ஏழுன்னு எழுதி அனுப்பிட்டா எல்லாரோடயும் ஒத்துப்போச்சு, பழைய நாலு ஏதோ தெரியாத காரணம்னு ஒரு வரி, டிக் எந்த மைல இருக்குன்னு யாரு வந்து பாக்கப்போறா? நல்ல மனுஷன், எனக்காகத்தான் சொல்கிறார். அப்ப வளையம் அடங்கறது யாருக்குத் தெரியும் ஈயம்? என்றேன், அது போய் மண்ணுக்கடியில மாசக்கணக்கா சும்மா கெடக்கப்போற சாமான், அங்க அது போடற சத்தம் ஏழு இல்ல, நாலு, கருவி செய்யறவனுக்கு அதுதானே வேணும்? அவர் யோசித்தார். அதுக்கு நீங்க ஒம்பது நாள் மறந்துட்டேன்னு எழுதணுமே. எழுதணும். விதி எழுதினவங்களே விதிய மீறிட்டாங்கன்னு ஆறு ஊர்லயும் படிப்பாங்களே. படிப்பாங்க. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார், இயக்குநருக்கு யாரு சொல்றது என்றார். நீங்கதான், நான் சொன்னா தண்ணி குடுப்பாரு என்றேன்.

வளையத்தைத் தொடவில்லை. இன்று ஒன்றரைக்குத் துடைத்தது, அப்போதே கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது, எனக்குத்தான் நாற்பது நிமிடம் கழித்துத் தெரிந்தது. மாதம் முடியப் பன்னிரண்டு நாள் இருக்கிறது, ஒன்பது போதும். செம்புக் கதவை மெல்லச் சாத்தினேன், வெளியிலிருந்து சாத்தினால் ஓரம் இறுகாது, பரவாயில்லை, காத்திருப்பதற்கு அது போதும். ஒரு தாளில் யாரும் உள்ளே வரக் கூடாது, நான் உட்பட என்று எழுதி ஒட்டினேன், ஈயம் படித்துவிட்டு அந்த 'நான் உட்பட' என்பதற்கு அடியில் ஒரு கோடு போட்டார். பதிவேட்டில் புதுப் பக்கம் திறந்து, துடைத்தாயிற்று என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு புதுக் கட்டம் வரைந்தேன், துடைத்த தேதி, நேரம். பதினெட்டு வருடமாக இந்தக் கட்டம் இல்லை, தேவைப்படும் என்று தோன்றவே இல்லை, நான்தான் மறக்க மாட்டேனே.

கொண்டை ஊசியைச் செருகிக்கொண்டேன், கடிகாரத்தைக் கட்டினேன், சாயங்காலம் குட்டியிடம் எப்படிச் சொல்வது என்று பார்த்தேன், நீ சொன்னது சரிடி என்றால் ஒரு வாரம் தலைகால் புரியாமல் திரிவாள், திரியட்டும், சொல்லத்தான் வேண்டும். ஒன்பதாம் நாள் நாலு வந்தால் நான் மறந்தது மறந்ததுதான், எழுத்தில் வந்துவிடும். ஏழே வந்தால் நான் மறந்ததற்கு ஒரு பலனும் இல்லை, நாலு எங்கிருந்து வந்தது என்று கடைசி வரை தெரியாது, சுவரில் வெள்ளைச் சதுரம். எது வேண்டும் எனக்கு? பஸ் நிறுத்தத்தில் நின்று நிதானமாகக் கேட்டுப் பார்த்தேன், நாலா, ஏழா, மனசு ஒரு பக்கமும் சாயவில்லை, நிஜமாகவே சாயவில்லை, இப்படி ஒரு சுத்தமான அளவை நான் தொடங்கியதே இல்லை என்று ஒரு கர்வம்கூட வந்தது, நெஞ்சு நிமிர்ந்து பஸ்ஸுக்குக் கை காட்டினேன், ஏறி, ஜன்னல் ஓரமாக இடம் பிடித்து உட்கார்ந்தபிறகுதான் அந்த வார்த்தை திரும்பி வந்தது... தொடங்கியதே இல்லையா? அப்படியானால் இத்தனை வருடமும், நான் அளந்த ஒவ்வொன்றிலும், உட்காரும்போதே எனக்கு ஓர் எண் வேண்டியிருந்ததா?